உப்புத்தாளும் அரக்கும்: 100 டாலர் துப்பாக்கியின் மரக்கட்டை

2000-களில் அமெரிக்காவில் ஒரு ராணுவத் துப்பாக்கியை 100 டாலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது. நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்குகிற காசு. ரஷ்யத் தயாரிப்பான மோசின்-நாகாந்த், மாடல் 1891/30. வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் உடம்பு முழுக்கப் பிசுபிசுவென்று கிரீஸ். அதைத் துடைத்தால் கீறலும் தழும்புமாக ஒரு மரக்கட்டை. அதன் மேல் அங்கங்கே உரிந்துபோன செம்மஞ்சள் பூச்சு. பார்த்த உடனே முக்கால்வாசிப் பேருக்கு வருகிற எண்ணம் ஒன்றுதான்: "இதை நல்லா தேய்ச்சு, புதுசா பாலிஷ் போட்டா சூப்பரா இருக்குமே!"

இப்படித்தான் அங்கே ஒரு பொழுதுபோக்கே வளர்ந்தது. சனி ஞாயிறு, கார் ஷெட், உப்புத்தாள், ஒரு டப்பா எண்ணெய், பழைய பனியன் துணி. இவ்வளவு போதும். பொருளே மலிவு, கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டம் கிடையாது என்கிற தைரியம்.

இந்தப் பதிவு அந்த மரக்கட்டையைப் பற்றித்தான். எனக்குத் துப்பாக்கி மேல் மோகம் எதுவும் கிடையாது. நம்ம நாட்டில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளவே முடியாது. சனிக்கிழமை மதியம் கடைக்குப் போய் வாங்கி வருகிற சமாச்சாரம் இல்லை. ஆனால் லாக் ஃபைல் படித்தே சம்பளம் வாங்குகிற ஆளான எனக்கு, ஒரு பொருள் தன் வரலாற்றைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது என்று தெரிந்தால் அதை விட்டு நகர முடியாது. மோசின் கட்டை அப்படிப்பட்ட ஒரு லாக் ஃபைல். அதை எழுதியவர்கள் யார், அழிக்கிறவர்கள் யார், எந்தக் காலத்தில் அழிகிறது என்று பார்த்தால் துப்பாக்கியைத் தாண்டியும் கொஞ்சம் யோசிக்க இருக்கிறது.

முதலில் பூர்வீகம்

ரஷ்யப் பேரரசு இந்தத் துப்பாக்கியை 1891-இல் ஏற்றுக்கொண்டது. செர்கேய் மோசின் என்ற ரஷ்ய ராணுவ அதிகாரியின் வடிவமைப்பு. கூடவே லியோன் நாகாந்த் என்ற பெல்ஜியக்காரரின் சில யோசனைகள். மேற்கத்திய நாடுகளில் ரெட்டைப் பெயர் நிலைத்ததற்கு அதுதான் காரணம். ரஷ்ய ஆலைகள் தயாராவதற்குள் அவசரம் வந்துவிட்டதால், 5 லட்சம் துப்பாக்கிகளுக்கு பிரான்சில் இருந்த ஷாத்தெல்ரோ ஆலைக்கு ஆர்டர் போனது. பிறகு துலா, இஷெவ்ஸ்க், செஸ்த்ரோரெத்ஸ்க் என்று சொந்த ஆலைகள் வேகம் எடுத்தன. முதல் உலகப் போரில் அதுவும் போதவில்லை; அமெரிக்காவில் ரெமிங்டனும் நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுசும் ரஷ்யாவுக்காக இதே துப்பாக்கியைச் செய்தன.

புரட்சிக்குப் பிறகு, 1930-இல், சோவியத் அரசு சில திருத்தங்கள் செய்தது. அதுதான் 1891/30. இரண்டாம் உலகப் போரில் சோவியத் காலாட்படைச் சிப்பாயின் கையில் பெரும்பாலும் இருந்தது இதுவே. எல்லா வகைகளையும் சேர்த்து 3 கோடியே 70 லட்சம் வரை செய்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

துப்பாக்கியின் நீளம் சுமார் 123 சென்டிமீட்டர், எடை சுமார் 4 கிலோ. தோளில் முட்டுக் கொடுக்கிற இடத்தில் தொடங்கி, குழலின் நுனிக்குக் கொஞ்சம் முன்பு வரை ஒரே நீள மரம். சுட்ட சூட்டில் கை பொசுங்காமல் இருக்கக் குழலின் மேல் தனியாக ஒரு மர மூடி. இரண்டு இரும்பு வளையங்கள் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். பழைய துப்பாக்கிகளில் வால்நட் மரம் உண்டு. சோவியத் காலத்தில் பெரும்பாலும் பிர்ச், ரஷ்யக் காடுகளில் மலிந்து கிடைக்கிற மரம். வெளிறிய நிறம், நல்ல கெட்டி. ஆனால் தேக்கு மாதிரி வரி ஓடுகிற அழகெல்லாம் கிடையாது. உழைக்கிறதுக்கென்றே இருக்கிற மரம்.

1941 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படை துலாவை நெருங்கியபோது, ஆலை இயந்திரங்களைக் கழற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். பாரம் முழுக்க இஷெவ்ஸ்க் தலையில் விழுந்தது. போர் ஆண்டுகளில் அந்த ஓர் ஆலை மட்டும் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல் ரைஃபிள்களும் கார்பைன்களும் செய்து தள்ளியது. அந்த அவசரத்தைப் பொருளிலேயே பார்க்கலாம். அமைதிக் காலத்துத் துப்பாக்கியில் இரும்பு கண்ணாடி மாதிரி இருக்கும். 1942-இல் செய்ததில் கடைசல் இயந்திரத்தின் பல்தடம் அப்படியே நிற்கும். கட்டையில் வார் கோக்கிற துளையைச் சுற்றிப் பதிக்கிற இரும்புப் பட்டையைக்கூட சிலதில் விட்டுவிட்டார்கள். நேரம் இல்லை, அவ்வளவுதான்.

இது எப்படி இவ்வளவு மலிவானது?

போர் முடிந்த காலத்தில் எஸ்.கே.எஸ்., ஏ.கே. வகைத் துப்பாக்கிகள் வந்துவிட்டன. மோசின் பழசாகிப்போனது. ஆனால் சோவியத் ராணுவம் எதையும் தூக்கி எறிகிற ராணுவம் இல்லை. "நாளைக்கு இன்னொரு போர் வந்தால்?" என்று கணக்குப் போட்டு, களத்திலிருந்து திரும்பி வந்த துப்பாக்கிகளைப் படைக்கலச் சாலைகளுக்கு அனுப்பினார்கள்.

அங்கே நடந்தது பெரிய அளவிலான ஒரு சர்வீசிங். துப்பாக்கியைப் பிரித்து, நல்ல பாகம், கெட்ட பாகம் பார்த்து, இதன் போல்ட்டை அதில் போட்டு, அதன் கட்டையை இதில் போட்டுச் சேர்த்தார்கள். எண்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக, போல்ட்டிலும் கட்டையின் அடியில் இருக்கிற இரும்புத் தகட்டிலும் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்தோ, அரைத்து எடுத்தோ, புது எண்ணைப் பொறித்தார்கள். ஸ்னைப்பர் தொலைநோக்கி பொருத்தியிருந்த துப்பாக்கிகள் பலவற்றில் தொலைநோக்கியை எடுத்துவிட்டு, திருகுத் துளைகளை அடைத்து, சாதாரணத் துப்பாக்கியாக மாற்றினார்கள். உடைந்த கட்டையைத் தூக்கிப் போடாமல், உடைந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, புறா வால் வடிவத்தில் புது மரத் துண்டைச் செருகி ஒட்டினார்கள். கடைசியாக மரத்துக்கு ஒரு பூச்சு, மொத்தத்துக்கும் கெட்டி கிரீஸ், 20 துப்பாக்கிக்கு ஒரு மரப்பெட்டி, கிடங்கு. அங்கேயே பல பத்தாண்டுகள் தூங்கின.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. கிடங்குகள் ரஷ்யா, உக்ரைன் என்று ஆளுக்கொரு பக்கம் போயின. காசு தேவைப்பட்ட காலம். அமெரிக்கச் சட்டத்தில் 50 வருடம் தாண்டிய துப்பாக்கிகளுக்குப் பழம்பொருள் சேகரிப்பு என்று ஒரு தனிப் பிரிவு இருப்பதும் வசதியாகப் போனது. கப்பல் கப்பலாக வந்து இறங்கியதில் விலை விழுந்தது. துப்பாக்கியோடு பயோனெட், வார், தோட்டாப் பை, எண்ணெய் டப்பி எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். தீபாவளித் தள்ளுபடி மாதிரி.

செம்மஞ்சள் பூச்சு: நம்ம அரக்கு

அந்தப் பூச்சு ஷெல்லாக் வகை. ஷெல்லாக் என்றால் வேறு ஒன்றும் இல்லை, அரக்கு. மகாபாரதத்தில் பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகை, ரிஜிஸ்டர் தபாலில் உருக்கி ஊற்றிய சிவப்பு சீல், அம்பாசமுத்திரம் மரச்சொப்பின் பளபளப்பு என்று நமக்குப் பழகிய பொருள்தான்.

கெர்ரியா லாக்கா என்ற குட்டிப் பூச்சி, பலாசு (புரசு), இலந்தை, குசும் மரக் கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். தன்னைச் சுற்றி ஒரு பிசினைச் சுரந்து கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டைச் சுரண்டி எடுத்து, கழுவி, துணிப்பையில் இட்டு அடுப்பின் முன் காட்டி உருக்கிப் பிழிவார்கள். சூடு ஆறும் முன் கை, கால், பல் எல்லாம் போட்டு இழுத்து அகலமான தாளாக்கி, ஆறினதும் நொறுக்குவார்கள். அதுதான் சந்தைக்கு வருகிற ஷெல்லாக் சில்லு. இன்றைய ஜார்கண்ட் பகுதிதான் இதன் தாய்வீடு. ராஞ்சி பக்கத்தில் நாம்குமில் இதற்காகவே 1924-இல் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

பழைய 78 சுழற்சி கிராமபோன் தட்டுகள் இந்த அரக்கில் செய்தவை. 1942-இல் அமெரிக்க அரசு ராணுவம் சாராத வேலைகளுக்கு ஷெல்லாக் பயன்பாட்டை ஒரே உத்தரவில் 70 சதவீதம் வெட்டியது. சரக்கு கடல் கடந்து இந்தியாவிலிருந்து வர வேண்டும், போருக்கும் தேவை. பாட்டுத் தட்டு கம்பெனிகள் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி அரைத்துப் புதுத் தட்டு செய்தன. போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியமும் நம்மிடம் வாங்கியது. 1953-இல் போட்ட இந்திய-சோவியத் வணிக ஒப்பந்தத்தில், நாம் ஏற்றுமதி செய்கிற சரக்குப் பட்டியலில் தேயிலை, மிளகு, சணலோடு ஷெல்லாக்கும் இருந்தது.

ஒரு படைக்கலச் சாலை மேலாளராக யோசித்துப் பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஒவ்வொரு பூச்சும் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அடித்தால் ஸ்பிரிட் பறந்துபோய் அரை மணிக்குள் தொட்டுப் பார்க்கலாம். லட்சக்கணக்கில் துப்பாக்கி வரிசையில் நிற்கும்போது இதைத்தான் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஷெல்லாக்குக்குக் குறைகளும் உண்டு. தண்ணீர் தேங்கினால் வெள்ளை பூக்கும். சூட்டில் இளகும். அடிபட்டால் சில்லாகப் பெயரும். மழையிலும் சேற்றிலும் கிடக்கிற துப்பாக்கிக்கு இது சுமாரான பூச்சுதான். பெட்டிக்குள் தூங்கப்போகிற துப்பாக்கிக்குத் தாராளமாகப் போதும்.

மற்ற ராணுவங்கள் வேறு மாதிரி யோசித்தன. பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டுக்கு ஆளிவிதை எண்ணெய். அமெரிக்க எம்1 காரண்டுக்கு முதலில் ஆளிவிதை எண்ணெய், பிறகு சீனாவிலிருந்து அறிமுகமான டங் எண்ணெய். ஃபின்லாந்துக்காரர்கள் பைன் மரத் தாரையும் ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் கலந்து தேய்த்தார்கள். அவர்களுடைய கட்டைகள் கருத்து, பழைய வீட்டு உத்திரம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு நாடும் தன் காட்டில், தன் கடல்வழியில் கிடைத்ததைப் பூசியது.

கார் ஷெட்டில் நடப்பது என்ன?

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு போல்ட்டை உருவி எடுக்க வேண்டும். பிறகு வளையங்களைத் தளர்த்தி, முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு பெரிய திருகுகளைக் கழற்றினால் இரும்பு தனி, மரம் தனி. இதற்கு மேல் எல்லாம் தச்சு வேலை.

முதல் எதிரி கிரீஸ். பல பத்தாண்டுகளில் அது மரத்துக்குள்ளேயே ஊறிப்போயிருக்கும். பத்து ரவுண்டு சுட்டுக் குழல் சூடானால் கட்டை வியர்க்க ஆரம்பிக்கும். இதை வெளியே இழுக்கச் சூடு வேண்டும். கட்டையைத் துணி சுற்றி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு, கோடை வெயிலில் காருக்குள் வைப்பது அங்கே பிரபலமான வழி. சிலர் அடுப்பு கழுவுகிற காஸ்டிக் திரவத்தை அடித்துவிடுவார்கள். எண்ணெய் போகும், கூடவே மரத்தின் நாரும் பலவீனமாகி, மேற்பரப்பு பஞ்சு மாதிரி எழும்பும்.

அடுத்தது பழைய பூச்சு. ஷெல்லாக் ஸ்பிரிட்டில் கரைந்து போடுவது, ஸ்பிரிட்டிலேயே கரைந்து வந்துவிடும். துணியை நனைத்துத் துடைத்தால் போதும். மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

பிறகு பள்ளங்கள். இதில் இரண்டு வகை உண்டு. எங்கேயோ இடித்து மரம் அமுங்கிப்போனது ஒரு வகை. ஈரத் துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி உள்ளே போய், அமுங்கிய நார் ஊறி எழும்பும். பார்க்கவே மாயாஜாலம் மாதிரி இருக்கும். மரத் துண்டே பெயர்ந்துபோன குழி இன்னொரு வகை. இதற்கு ஆவி உதவாது. இருக்கிற மரத்தைத்தான் எழுப்ப முடியும்.

இந்த இடத்தில்தான் பாதை பிரிகிறது. குழியைப் பார்க்கச் சகிக்காதவர் உப்புத்தாளை எடுப்பார். குழியின் ஆழம் வரை சுற்றியிருக்கிற மரம் எல்லாவற்றையும் தேய்த்து இறக்குவார். முதலில் 80, பிறகு 120, 220 என்று போய், கட்டை குழந்தைக் கன்னம் மாதிரி ஆகிவிடும். அதற்கு மேல் சாயம், எண்ணெய், பளபளப்பு. முடித்துவிட்டுப் பார்த்தால் ரொம்ப அழகாகவே இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

கடைசிக் கட்டம் பூச்சு. பழைய மாதிரியே வேண்டும் என்கிறவர்கள் லிட்டருக்கு சுமார் 240 கிராம் ஷெல்லாக் சில்லு என்ற கணக்கில் ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாக அடிப்பார்கள். நம்ம ஊர் ஆசாரிகள் போடும் பிரெஞ்சு பாலிஷின் அதே சங்கதி. மற்றவர்கள் ஆளிவிதை எண்ணெய். கடையில் 'காய்ச்சிய' என்ற பெயரில் விற்பதைக் காய்ச்சுவது கிடையாது. சீக்கிரம் உலர்வதற்கு உலோக உப்பு சேர்த்தது. எண்ணெய் ஆவியாகி உலராது, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். அப்போது வெப்பம் வெளிவரும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பிடிக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, வீடு எரிந்திருக்கிறது. துணியை விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். நாற்காலி, மேஜைக்கு இந்த எண்ணெய் போடுகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் எழுதியிருப்பது

உப்புத்தாள் எடுத்துக்கொண்டு போனது என்ன? கட்டையின் பக்கவாட்டில் ஆலை முத்திரை இருக்கும். துலா என்றால் நட்சத்திரத்துக்குள் அம்பு, இஷெவ்ஸ்க் என்றால் முக்கோணத்துக்குள் அம்பு. பரிசோதகர்களின் குட்டிக் குட்டி முத்திரைகள். சர்வீசிங் முடிந்ததற்கு அடையாளமாக ஒரு சின்னப் பெட்டிக்குள் குறுக்குக்கோடு. ஃபின்லாந்து வழியாக வந்திருந்தால் பெட்டிக்குள் எஸ்.ஏ. என்ற ராணுவ முத்திரையை இரும்பில் பார்க்கலாம்; மரமும் தனி அடையாளம் காட்டும். ஃபின்லாந்துக்காரர்கள் பல கட்டைகளை இரண்டு துண்டாகச் செய்து, கை விரல்களைக் கோத்த மாதிரி இணைத்தார்கள். யாரோ ஒரு சிப்பாய் கத்தியால் கீறிய எழுத்தோ வருடமோ சிலவற்றில் இருக்கும்.

மரத்தில் குத்திய முத்திரையின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 80-ஆம் நம்பர் உப்புத்தாளுக்குப் பத்து நிமிட வேலை. கல்வெட்டு பார்க்கக் கோயில் கோயிலாக அலைகிறவர்களுக்கு இந்த வலி புரியும்; மணலை வீசிச் சுத்தம் செய்த சுவரில் எழுத்து மழுங்கி நிற்பதைப் பார்த்திருப்பார்கள்.

கட்டையைக் கழற்றினால் மட்டும் தெரிகிற ஒரு வரியும் உண்டு. மரத்துக்குள் மறைந்திருக்கும் ரிசீவர் வாலின் அடியில் அது செய்யப்பட்ட வருடம் இருக்கும். ஃபின்லாந்து தன் மோசின்களுக்குச் சொந்தமாக ரிசீவர் செய்ததே இல்லை. கைப்பற்றியது, வாங்கியது என்று கிடைத்த ரஷ்ய ரிசீவர்களைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அதனால் 1940-களின் ஃபின்லாந்துத் துப்பாக்கியைக் கழற்றினால் அடியில் 1890-களின் வருடம் வரலாம். அமெரிக்கச் சட்டப்படி 1898-க்குள் செய்தது தொல்பொருள், சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே கிடையாது. பாலிஷ் போடக் கழற்றியவர் கையில் இருப்பது ஜார் காலத்து இரும்பு என்று அப்போதுதான் தெரியும்.

படைக்கலச் சாலை மட்டும் அழிக்கவில்லையா?

நியாயமான கேள்வி. உப்புத்தாள்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். "சோவியத்காரனே எண்ணை அடிச்சு வேற எண் போட்டான், கட்டையை மாத்தினான், மேல அரக்கை அப்பினான். ஸ்டாலின்கிராடில் இருந்த துப்பாக்கியா இதுன்னு யாருக்கும் தெரியாது. அவன் செஞ்சதுல நான் என்ன புதுசா கெடுத்துட்டேன்?"

இதில் பாதி உண்மை. வோல்கோகிராட் அருங்காட்சியகத்தில் வசீலி ஜைத்செவின் துப்பாக்கி கண்ணாடிக்குள் இருக்கிறது. பெயர் தெரிந்த ஆளின் துப்பாக்கி என்பதால் அதற்கு அந்தப் பாதுகாப்பு. பெயர் தெரியாத லட்சக்கணக்கானவர்களின் துப்பாக்கிகளைக் கலந்து கட்டியதில், எது யாருடையது என்ற செய்தி படைக்கலச் சாலையிலேயே போய்விட்டது. அந்த இழப்பைச் செய்தது உப்புத்தாள் கிடையாது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. படைக்கலச் சாலை தான் செய்ததைப் பதிவு செய்தது. எண்ணை மாற்றினால் பழைய எண்ணின் மேல் கோடு போட்டுப் பக்கத்தில் புது எண், பல துப்பாக்கிகளில் இரண்டையுமே படிக்கலாம். மரத்தை மாற்றினால் ஒட்டின் விளிம்பு தெரியும். வேலை முடிந்ததும் முத்திரை. என் பாஷையில் சொன்னால், யார் எதை மாற்றினார்கள் என்ற குறிப்போடு போட்ட கமிட். உப்புத்தாள் வேலையில் கமிட் மெசேஜ் கிடையாது. முந்தைய வெர்ஷன்களையும் சேர்த்து அழித்துவிட்டுப் போகிறது. அடுத்து வாங்குகிறவருக்கு அது 1943 கட்டையா, நேற்றுச் செய்ததா என்றுகூடத் தெரியாது.

பூச்சைப் பொறுத்தவரை எனக்கு எந்தப் புனிதமும் இல்லை. ஷெல்லாக்கை ஸ்பிரிட்டால் எடுக்கலாம், திரும்பப் போடலாம், பிடிக்கவில்லை என்றால் மறுபடி எடுக்கலாம். ரோல்பேக் இருக்கிறது. அமுங்கிய பள்ளத்தை ஆவியால் எழுப்புவதும் அப்படித்தான். மரத்தைத் தேய்த்து எடுப்பது மட்டும்தான் திரும்ப வராத வேலை. வீட்டு வேலை முழுவதையும் இந்த ஒரு கோட்டை வைத்துப் பிரித்துவிடலாம்.

மலிவு என்கிற ஆபத்து

இது முதல் முறையும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு 1903, ஜெர்மன் மவுசர், பிரிட்டிஷ் என்ஃபீல்டு எல்லாம் உபரிச் சரக்காக வந்து குவிந்தன. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அவற்றை வாங்கி, முன்பக்க மரத்தை அறுத்து, குழலைக் குறைத்து, புதுக் கட்டை போட்டு வேட்டைத் துப்பாக்கி ஆக்கினார்கள். அப்போது அது புத்திசாலித்தனம். புது வேட்டைத் துப்பாக்கியின் விலையில் ஒரு பங்குதான் செலவு. இன்று வெட்டப்படாத துப்பாக்கிக்கு நல்ல விலை. வெட்டியதற்கு இரும்பு விலையைவிடக் கொஞ்சம் கூட. வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்டிப் பழையபடி ஆக்குவதற்கென்றே இப்போது ஒரு கூட்டம் அலைகிறது.

மோசின் கதையும் அதே தடத்தில் போனது. பெட்டிகள் தீர்ந்தன. புது இறக்குமதி அடைபட்டது. 100 டாலர் துப்பாக்கி இன்று அதைப்போலப் பல மடங்கு. விலை ஏறினதும் எல்லோருக்கும் முத்திரை கண்ணில் பட ஆரம்பித்துவிட்டது. இப்போது யாரும் யோசிக்காமல் உப்புத்தாள் எடுப்பதில்லை.

போர் இந்தத் துப்பாக்கிகளின் மேல் தழும்பு போட்டது. கிடங்கு பாகங்களைக் கலைத்தது. மரத்தில் இருந்த எழுத்துகள் இரண்டையும் தாண்டி வந்துவிட்டு, விலை மலிந்த அந்தச் சில வருடங்களில்தான் நிறையப் போயின. அரிதானதை மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள். பழையது, ஆனால் எங்கேயும் கிடைக்கிறது, விலையும் இல்லை என்ற நிலையில் இருக்கிற பொருளுக்குத்தான் காவல் கிடையாது. எடைக்குப் போன பித்தளை அண்டாவில் பொறித்திருந்த கொள்ளுத்தாத்தா பெயரை யார் படித்தார்கள்?

இத்தனையும் சொல்லிவிட்டு, "தொடாதே, கண்ணாடியில் வை" என்று முடிக்க எனக்கு விருப்பம் இல்லை. கையால் வேலை செய்து ஒரு பழம்பொருளைப் புரிந்துகொள்வது நல்ல விஷயம். இதே காலத்தில் இதே மாதிரி மலிவாக வந்த இன்னொரு துப்பாக்கியிடம் அதற்கு ஒரு வழி இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் கே31. அங்கே ராணுவச் சேவையில் இருப்பவர் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம். அமெரிக்காவில் இதை வாங்கியவர்கள் கட்டைக்குப் பாலிஷ் போட அடித்தகட்டைக் கழற்றியபோது, சிலவற்றில் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மடித்து வைத்த ஒரு சின்னச் சீட்டு கிடைத்தது. அந்தத் துப்பாக்கியை வைத்திருந்த சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, ஊர். சிலர் அந்த முகவரிக்குக் கடிதம் எழுதினார்கள். வயதான முன்னாள் சிப்பாய்களிடமிருந்து பதில் கடிதமும் வந்தது.

மோசினுக்கும் அடித்தகடு உண்டு, இரண்டே திருகு. பூச்சை மாற்றுகிறவர் ஒரு துண்டுத் தாளில் "இந்த வருடம், இந்த மாதம், பழைய அரக்கை ஸ்பிரிட்டால் எடுத்தேன், புது அரக்கு பூசினேன், மரத்தைத் தேய்க்கவில்லை" என்று எழுதி, பெயர் போட்டு, தகட்டுக்கு அடியில் மடித்து வைத்துவிட்டுத் திருகை முடுக்கினால் போதும். அடுத்து கழற்றுகிறவர் படித்துக்கொள்வார்.